எடுக்கக் கூடாத போன்

1

போன வாரம் ஒரு போன் கம்பெனி என் அக்காவிடம், "எங்களை விட்டுப் போகாதீங்க மேடம்" என்று கெஞ்சியிருக்கிறது. அக்கா போய்ச் சேர்ந்து இந்த மாசத்தோடு ரெண்டு வருஷம் ஆகிறது.

எனக்கு இதைச் சொன்னது அத்தான். கோமதி அக்காவின் வீட்டுக்காரர், பெயர் சண்முகம். தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் ஆயுசு முழுக்க நின்றே கழித்தவர். இப்போது வீட்டோடு இருக்கிறார். மேற்கு மாம்பலத்தில், ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் வீடு. மகன் கார்த்திக்குத் தரமணியில் வேலை. அவன் காலையில் ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டால் வீட்டில் அத்தானும் அக்காவின் போனும்தான்.

ஆமாம், அக்காவின் போன் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சாமி அலமாரிக்குக் கீழ்த்தட்டில், சார்ஜர் வயரோடு. பைத்தியமா என்று கேட்காதீர்கள். கேஸ் சிலிண்டர் அந்த நம்பரில் பதிந்திருக்கிறது. பேங்க்கிலிருந்து ஓடிபி அதற்குத்தான் வரும். ரேஷன் கார்டிலும் அதே நம்பர். நம் ஊரில் ஆள் போகலாம், நம்பர் போகக் கூடாது. மாற்றப் போனால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ரெண்டு ஜெராக்ஸ், ஒரு கையெழுத்து, "ஆபீசர் லீவு, திங்கக்கிழமை வாங்க" என்று ஓட விடுவார்கள். அதற்கு ரீசார்ஜே மேல் என்று அத்தான் போட்டுக்கொண்டே வந்தார்.

ஒரே ஒரு சட்டம் மட்டும் வீட்டில் உண்டு. யார் கூப்பிட்டாலும் அந்த போனை எடுக்கக் கூடாது. "எடுத்தா என்னன்னு சொல்றது மாப்ளே? ஒவ்வொருத்தருக்கும் முதல்லருந்து ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லணும்," என்பார். அடையாறு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஒரு வருஷம் ஆட்டோவில் அலைந்த மனுஷன். அவருக்கு அந்தக் கதை போதும் போதும் என்று ஆகிவிட்டது.

ஆனால் போன வாரம் காலையிலிருந்து விடாமல் அடித்ததில் தாங்க முடியாமல் எடுத்துவிட்டார்.

"சார், கோமதி மேடம்கிட்ட பேசலாமா?"

"நீங்க யாரும்மா?"

கம்பெனிப் பெயரைச் சொன்னாளாம். "மேடம் எங்க நெட்வொர்க்கை விட்டுப் போறதா ரிக்வெஸ்ட் வந்திருக்கு சார். எங்களுக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. என்ன குறைன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சேம்மா."

"இல்ல சார், ரிக்வெஸ்ட் முந்தாநாள்தான் வந்திருக்கு."

அந்தப் பெண் விடுவதாக இல்லை. "மேடம் இருந்தாங்கன்னா மூணு மாசம் டேட்டா ஃப்ரீயா தரோம் சார். படம் பார்க்கிற ஆப்பும் ஒரு வருஷத்துக்கு ஃப்ரீ. மேடம் இருக்கணும், அவ்வளவுதான் சார்."

"மேடம் இருந்தா நல்லாத்தாம்மா இருக்கும்," என்று சொல்லிவிட்டு அத்தான் போனை வைத்திருக்கிறார்.

வீடியோ காலில் இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். இங்கே மெல்போர்னில், சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் பேசியதால் இல்லை. அந்த ரிக்வெஸ்ட்டை அனுப்பியது யார் என்ற கேள்வியால்.

2

அக்காவைப் பற்றிச் சொன்னால்தான் என் கலக்கம் புரியும்.

கோமதி அக்காவுக்கு ஆஃபர் என்றால் அப்படி ஒரு வெறி. பேராசை இல்லை, விளையாட்டு. நம்பர் மாறாமல் கம்பெனி மாறலாம் என்று என்றைக்குச் சட்டம் வந்ததோ, அன்றைக்கே அவளுக்குக் கொண்டாட்டம். ஒரு கம்பெனிக்குப் போனதற்குக் குடை கொடுத்தார்கள். இன்னொன்றில் டிபன் டப்பா. இன்னொன்றில் ராத்திரியில் கால் ஃப்ரீ. யாரிடம் பேசுவது என்று தெரியாமல் பக்கத்து வீட்டு அம்மாளிடம் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பேசினாள்.

அவள் கண்டுபிடித்த பெரிய வித்தை வேறு. மாறவே வேண்டாம், மாறப்போகிறேன் என்று ஒரு மெசேஜ் அனுப்பினால் போதும். அரை நாளில் கம்பெனிக்காரன் குழைந்துகொண்டு கூப்பிடுவான். இருங்க மேடம், இதைத் தரோம், அதைத் தரோம். "போயிடுவேன்னு சொன்னாத்தான்டா மதிக்கிறான்," என்பாள். சந்தில் பாதிப் பொம்பளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

என்னையும் விட மாட்டாள். "நீ நிஜமாவே போயிட்டே. உன்னை யாராவது கூப்பிட்டு, போகாதே, இதைத் தரேன்னு கெஞ்சினானா? நான்தான் கெஞ்சறேன். பால்கனி ரூமை ஒழிச்சுத் தரேன், வந்துடு." ஒவ்வொரு லீவிலும் இதே ஆஃபர்தான். நானும் ஒவ்வொரு தடவையும் "பார்க்கலாம்க்கா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடுவேன்.

அப்படி ஒரு லீவில்தான் அது நடந்தது. தாம்பரத்தில் ஒரு கல்யாணம். அக்கா, அத்தான், நான் மூணு பேரும் மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடந்தோம். வாசலில் வழக்கம்போலக் குடை நட்டு, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, சிம் விற்கிற பையன்கள். அக்கா நின்றுவிட்டாள். நிற்காமல் இருப்பாளா?

"அக்கா, சும்மா நம்பர இங்க மாத்திக்கினா போதும்க்கா. காலர் டியூன் ஃப்ரீ. அதுவும் இன்னா டியூன்ற, உங்க சொந்தக் கொரலு! நீங்க இன்னா பேசுறீங்களோ, அதான் கூப்புடுறவங்களுக்குக் கேக்கும்."

"பாட்டு கிடையாதா?"

"பாட்டு ஊரே வச்சிகினு கீது. உங்க கொரலு யாராண்ட கீது சொல்லு?"

அக்காவுக்கு அது பிடித்துப்போயிற்று. அவனுடைய போனை வாங்கி வாய்க்கிட்டே வைத்துக்கொண்டாள். அத்தான் அதற்குள் பைகளோடு ஸ்டேஷன் படிக்கட்டுக்குப் போய்விட்டார். நான் நடுவில் நின்றேன். அவள் கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். "கோமதி பேசுறேன். கை வேலையா இருக்கேன்..." அதற்குள் படிக்கட்டிலிருந்து அத்தான், "ஏய் கோமதி! வண்டி வந்துரும்!" என்று கத்தினார். இவள் அந்தப் பக்கம் திரும்பி, "இருங்க, வரேன்ல!" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, மறுபடி போனுக்கு வந்து, "வச்சிடாதே" என்று முடித்தாள்.

"நடுவுல சத்தம் வந்துருச்சுக்கா, இன்னொருவாட்டி எடுத்துக்கலாமா?" என்றான் அந்தப் பையன்.

"போதும் போ. ஃப்ரீதானே," என்று சொல்லிவிட்டு அக்கா படிக்கட்டுக்கு ஓடினாள்.

அந்தக் கம்பெனியோடு அவள் நின்றுவிட்டாள். அதன் பிறகு மாறவே இல்லை. அடுத்த வருஷம்தான் உடம்புக்கு வந்தது. ஆஃபர் தேடுகிற தெம்பு போய்விட்டது.

3

காலர் டியூனில் ஒரு விசேஷம் உண்டு. கூப்பிடுகிறவனுக்கு மட்டும்தான் அது கேட்கும். போனுக்குச் சொந்தக்காரருக்குக் கேட்காது, அந்த வீட்டில் இருப்பவர்களுக்கும் கேட்காது. அவர்களுக்குக் கேட்பதெல்லாம் மணிச் சத்தம்தான்.

கார்த்தி அம்மாவை நம்பர் போட்டுக் கூப்பிட்டதே இல்லை. அந்த வயசுப் பிள்ளைகளுக்கு எல்லாமே நெட் கால், வீடியோ கால். அதில் டியூன் கிடையாது. அத்தான் கதை வேறு. கடை வாசலிலேயே ஊழியர்களின் போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் கையில் போன் வந்ததும் அக்காவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரே ஒரு ரிங், கட். கிளம்பிட்டேன், தோசைக்கல்லைப் போடு என்று அர்த்தம். காலுக்குக் காசு கொடுத்த காலத்தில் பிடித்த பழக்கம். எல்லாக் கம்பெனியும் போட்டி போட்டுக்கொண்டு காலை ஃப்ரீ ஆக்கிய பிறகும் விடவில்லை. ஃப்ரீதானே, பேசலாமே என்றால், "பேசுறதுக்கு என்ன இருக்கு, வீட்டுக்குத்தானே போறேன்," என்பார்.

அந்த ஒரு ரிங்கில் அக்காவின் குரல் வராது. முதலில் கம்பெனிப் பெண் ஒருத்தி வந்து, "இந்த டியூனை உங்கள் டியூனாக வைக்க, நட்சத்திரத்தை அழுத்தவும்" என்று சொல்வாள். அதற்குப் பின்னால்தான் அக்கா. அத்தான் நட்சத்திரத்துக்கு முன்னாலேயே வைத்துவிடுவார்.

ஆக, அந்தக் குரலைக் கேட்டது யார்? சும்மா பேச வேண்டும் என்று நம்பர் போட்டுக் கூப்பிட்டு, அவள் அடுப்பை அணைத்துவிட்டு வரும்வரை காத்திருந்த ஒருத்தன். நான்தான்.

அவள் போன பிறகு ஊருக்குப் போய்க் காரியம் முடித்துத் திரும்பி வந்தேன். மறு வாரம் வேலை முடிந்து ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, கை தன் பாட்டுக்கு அவள் நம்பரை அழுத்திவிட்டது. பல வருஷப் பழக்கம். இங்கே சாயங்காலம், அங்கே மத்தியானம், அவள் சாப்பாட்டு வேளை. நட்சத்திரத்தை அழுத்தச் சொன்னாள் கம்பெனிப் பெண். அப்புறம், "கோமதி பேசுறேன்."

நடைபாதையில் அப்படியே நின்றேன். நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்காரம்மா, "ஆர் யூ ஓகே, டார்லிங்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இந்த ஊரில் டார்லிங் என்றால் அதில் ஒன்றுமில்லை, காய்கறிக்காரியும் சொல்வாள். வந்த புதிதில் இது தெரியாமல் நான் பட்ட பாடு தனிக் கதை.

அன்றிலிருந்து வாரம் தவறாமல் கூப்பிடுகிறேன். யாரும் எடுக்க மாட்டார்கள் என்று தெரியும், அதுதான் தைரியம். ஏய் கோமதி, இருங்க வரேன்ல, வச்சிடாதே. மறுபடி நட்சத்திரம், மறுபடி அக்கா. கொஞ்ச நேரத்தில் லைன் தானாகக் கட் ஆகும். ஒவ்வொரு தடவையும் நட்சத்திரத்தை அழுத்திப் பார்ப்பேன். வெளிநாட்டு நம்பருக்கு அது வேலை செய்யாது. எடுக்காத காலுக்கு இங்கேயும் காசு இல்லை, அங்கேயும் காசு இல்லை. ரெண்டு தேசத்துக் கம்பெனியும் என்னால் ஒரு பைசா பார்த்ததில்லை. அக்காவுக்குத் தெரிந்தால் கைதட்டியிருப்பாள்.

அத்தானிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் கார்த்தி கேட்பான், சித்தி கேட்பாள், சொந்தமெல்லாம் ஆளாளுக்குக் கூப்பிட்டு அழும். எவராவது போனை எடுத்துத் தொலைப்பார்கள். தவிர, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், தூரத்தில் இருக்கிறவனுக்கென்று கிடைத்த ஒரே சலுகை அது. பிறந்தநாள் போச்சு, பொங்கல் போச்சு, அவள் கடைசி நாளில் பக்கத்தில் இருப்பதும் போச்சு. இது ஒன்று எனக்கு மட்டும் இருக்கட்டுமே என்று வைத்துக்கொண்டேன்.

4

ரிக்வெஸ்ட் அனுப்பியது கார்த்திதான். அன்றைக்கே கூப்பிட்டுக் கேட்டேன். அவனுக்கு வாயெல்லாம் பல்.

"குடும்பத் திட்டம் மாமா! அப்பா நம்பர், என் நம்பர், அம்மா நம்பர் மூணையும் ஒண்ணா இந்தப் புதுக் கம்பெனிக்கு மாத்திட்டேன். ஒரே பில். என் கார்டுலருந்து அதுவா எடுத்துக்கும். மூணாவது நம்பர் ஃப்ரீ, தெரியுமா? அப்பா ஒரு மாசம் ரீசார்ஜ் பண்ண மறந்துட்டா அம்மா நம்பரை வேற எவனுக்காவது குடுத்துடுவாங்க மாமா. இனிமே அந்தப் பயம் இல்ல. அம்மா நம்பர் நம்மளை விட்டு எப்பவும் போகாது."

அவன் குரலில் அப்படி ஒரு நிம்மதி. நான் என்ன சொல்ல? டேய், நீ நம்பரைக் காப்பாற்றி உங்கம்மா குரலைத் தொலைக்கிறாய் என்றா? கம்பெனி மாறினால் நம்பர் கூட வரும், டியூன் வராது. அது பழைய கம்பெனியின் மிஷினில் இருக்கிறது. அவர்கள் கொடுத்த சலுகை, அவர்களோடு போய்விடும்.

"எப்படா மாறும்?"

"வியாழக்கிழமை காலைல மாமா. பழைய சிம் டெட் ஆயிடும். புது சிம்மை அப்பா கையில குடுத்துட்டேன், போட்டுக்குவாரு."

அதை நிறுத்த முடியுமா என்று பார்த்தேன். ரிக்வெஸ்ட் கொடுத்த முதல் நாளோடு அதற்கு வேளை முடிந்துவிட்டதாம். பழைய கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு இங்கிருந்து அடித்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்து, இதற்கு ரெண்டை அழுத்து என்று என்னை ஒரு சுற்று சுற்றிவிட்டு ஒரு பையனிடம் விட்டார்கள்.

"தம்பி, அந்த நம்பர்ல ஒரு குரல் இருக்கு. அதை மட்டும் எனக்கு அனுப்பி வைங்க."

"சார், நீங்க பதிவு செஞ்ச நம்பர்லருந்து பேசலையே?"

"பதிவு செஞ்சவ இல்லப்பா."

"அப்ப அவங்களையே பேசச் சொல்லுங்க சார்."

எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ, "நானும் அதைத்தான்டா ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன்" என்று கத்திவிட்டேன். அந்தப் பையன் பொறுமையாக, "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்று கேட்டான். அவன் மேல் என்ன தப்பு?

5

நான் கத்தியது மாடியில் இருந்த என் மகளுக்குக் கேட்டிருக்கிறது. யாழினி யுனிவர்சிட்டி ரெண்டாம் வருஷம். என்னோடு அவள் பேசுவது குறைந்து ரொம்ப நாளாகிறது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், பதிலும் ஒரு வார்த்தைதான். கடைசியாக நாங்கள் நீளமாகப் பேசியது போன மாசம்; அதுவும் சண்டை. இங்கே ஒரு கம்பெனி, குடும்பத்தோடு மாறினால் புது போன் தருகிறது. அவளுக்கு அது வேண்டும். நான் முடியாது என்றேன்.

அவள் கீழே இறங்கி வந்து எதிரே உட்கார்ந்தாள். என் போனை எடுத்துப் பார்த்தாள். வரிசையாக ஒரே பெயர்.

"அப்பா, நீங்க ஏன் கோமதி அத்தையைக் கால் பண்றீங்க?" அவள் தமிழில்தான் கேட்டாள். "அத்தை செத்துப் போச்சு இல்ல?"

போச்சு இல்லம்மா, போயிட்டாங்க என்று திருத்த வாயெடுத்தேன். விட்டுவிட்டேன். பதில் சொல்லாமல் ஸ்பீக்கரைப் போட்டு, நம்பரை அழுத்தினேன்.

நட்சத்திரம். அக்கா. பின்னால் மாம்பலம் ஸ்டேஷன் இரைச்சல். யாழினி அசையாமல் கேட்டாள். லைன் கட் ஆனதும், "அகெய்ன்" என்றாள். இந்தத் தடவை தன் போனை எடுத்து ரெக்கார்டிங்கை ஓடவிட்டாள். இவ்வளவு சுலபம். எனக்கு இத்தனை நாளாகத் தோன்றாமல் இல்லை, மனசு வரவில்லை. ரெக்கார்டில் இருப்பது ஞாபகம். கூப்பிட்டால் வருவதுதான் அக்கா. மணி அடிக்கிற அந்தக் கொஞ்ச நேரம், அவள் நிஜமாகவே அடுப்படியில் கையைத் துடைத்துக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும்.

யாழினி ரெக்கார்டைப் போட்டுக் கேட்டாள். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் உறுமுவதும் அதில் சேர்ந்து விழுந்திருந்தது. ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"இருங்க, வரேன்னு சொல்றாங்களே, யார்கிட்ட?"

"மாமாகிட்ட. கத்துறது அவர்தான்."

"மாமா இதைக் கேட்டிருக்காரா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"அப்பா, அது மாமாவுக்குச் சொன்னது. உங்களுக்கு இல்ல."

அரைகுறைத் தமிழில்தான் சொன்னாள். சுரீர் என்று பட்டது.

6

வியாழனுக்கு முந்தின நாள். இங்கே சாயங்காலம், அங்கே மத்தியானம். அத்தானைக் கூப்பிட்டேன். கார்த்தி ஆபீசில். அத்தான் சாப்பிட்டுவிட்டு ஈஸி சேரில் சாய்ந்திருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வெயில், தண்ணி லாரி, முட்டிவலி என்று சுற்றினேன். அவரே பிடித்துவிட்டார்.

"என்ன மாப்ளே, என்னமோ சொல்ல வர்றே."

"அத்தான், உங்க போன்லருந்து அக்கா நம்பருக்கு ஒரு தடவை அடிங்க."

"எதுக்குய்யா? அந்தா இருக்கு போன், அலமாரியில."

"அடிங்க அத்தான். ஒரு ரிங்ல வச்சிடாதீங்க. முதல்ல ஒரு பொம்பளை நட்சத்திரத்தை அழுத்துன்னு சொல்லுவா. அதுக்கப்புறமும் காதுலயே வச்சிருங்க. முக்கியமா அக்கா போனை எடுத்துடாதீங்க. எடுத்தா நின்னுபோயிடும்."

"என்ன நின்னுபோயிடும்?"

சொன்னேன். எல்லாவற்றையும். குடை நட்ட பையன், ஸ்டேஷன் படிக்கட்டு, வாராவாரம் நான் கூப்பிடுவது, நாளைக் காலையோடு அது போய்விடும் என்பது வரை. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

"நீ கூப்பிடுறது எனக்குத் தெரியும் மாப்ளே," என்றார். "அவ போன்ல 'தம்பி'ன்னு வரும். சாப்பிட்டுக்கிட்டே பாத்துட்டு இருப்பேன். நான் எடுத்தா உனக்கு மனசு கஷ்டப்படும்னு விட்டுடுவேன். பாவம், பழக்கம் விடலைன்னு நினைச்சேன்."

அவரிடம் நான் சொல்லாமல் இருந்தேன், எனக்காக அவர் எடுக்காமல் இருந்தார். ரெண்டு வருஷமாக அந்த போன் எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"சரி, வை. அடிச்சுப் பாக்கேன்," என்றார். படபடப்பு வந்தால் மட்டும் அவருக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

வைத்தேன். சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். உமா, என் மனைவி, என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பைக் குறைத்தாள். யாழினி படியில் உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் பசி இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அத்தானே கூப்பிட்டார்.

"முதல் தடவை கை பழக்கத்துல வச்சுட்டேன் மாப்ளே. ஒரு ரிங்கு, கட். எனக்கே சிரிப்பு வந்துருச்சு. ரெண்டாவது தடவை கண்ணை மூடிட்டு நின்னேன். வந்தா."

நான் "ம்" என்றேன்.

"என் குரலும் அதுல இருக்குய்யா. என்ன கத்து கத்தியிருக்கேன், பாவி. அவ சிரிச்சுக்கிட்டே, 'இருங்க, வரேன்ல'ங்கிறா. அந்தப் பக்கம் அலமாரியில போன் அடிக்குது. இந்தக் காதுல அவ வரேன்ங்கிறா, அந்தப் பக்கம் மணி அடிக்குது. நீ எடுக்காதேன்னு சொன்னே. என்னால முடியல. ஓடிப் போய் எடுத்துட்டேன்."

"அத்தான்..."

"ஒரு காதுல என் போனு, ஒரு காதுல அவ போனு. 'அலோ, கோமதி'ன்னேன். என் குரல்தான் எனக்குக் கேட்டுது. அவ பேச்சு நின்னுருச்சு." மூக்கை உறிஞ்சினார். "பரவால்ல. நான் கூப்பிட்டு அவ வராம இருந்ததில்ல. இன்னிக்கும் வந்துட்டாள்ல, போதும்."

மறுபடி அடித்துக் கேளுங்கள், இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். யாழினி ரெக்கார்ட் பண்ணியிருக்கிறாள், அனுப்பட்டுமா என்றேன். அதற்கும் வேண்டாம் என்றார்.

"பாப்பாகிட்டயே இருக்கட்டும். கார்த்தி பயகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதே. அம்மா நம்பரைக் காப்பாத்திட்டேன்னு சந்தோசமா திரியுறான். அவன் சந்தோசத்தையாவது காப்பாத்துவோம்."

7

வியாழக்கிழமை வேலையில் ஒன்றும் ஓடவில்லை. சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி, வழக்கமான தெருவில் நடந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கூப்பிடக் கூடாது என்றுதான் முடிவு செய்திருந்தேன். அந்த நாய்க்கார அம்மா வீட்டு வாசல் வந்ததும் கை தானாகவே நம்பரை அழுத்திவிட்டது.

நட்சத்திரப் பெண் வரவில்லை. பாட்டும் இல்லை, குரலும் இல்லை. வெறும் மணி. உலகத்தில் எந்த நம்பருக்கு அடித்தாலும் கேட்கிற அதே மணி. ஒன்று அடித்தது. ரெண்டு அடித்தது. இனிமேல் இப்படித்தான், வை, வைத்துவிடு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அந்த முனையில் போனை எடுத்தார்கள்.

நான் கூப்பிட்டு எடுத்தது ரெண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அங்கே குக்கர் விசில் கேட்டது. ஸ்டேஷன் பக்கம் ரயில் போகிற சத்தம் கேட்டது. அப்புறம் அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவ கை வேலையா இருக்கா மாப்ளே," என்றார். "வச்சிடாதே."